மிதித்தும் இழுக்காத வண்டி

"பிக்கப் இல்லை" என்று ஒரு பழைய காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டால், பெரும்பாலும் முதலில் கழற்றப்படுவது கார்புரேட்டர். அது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. ரிப்பேர் கிட் எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைக்கிறது. கழற்றி, பெட்ரோலில் கழுவி, காற்றடித்துப் பூட்டினால் பெரிய வேலை பார்த்த மாதிரியும் தெரிகிறது. வண்டியும் இரண்டு நாள் ஒழுங்காக ஓடும். மூன்றாம் நாள் மேம்பாலம் ஏறும்போது பழையபடி மூச்சுவாங்கும். கார்புரேட்டரில் கோளாறே வராது என்று நான் சொல்லவில்லை, அதைக் கடைசியில் திறங்கள் என்றுதான் சொல்கிறேன். அதற்கு முன்னால் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்றும், அளந்து பார்க்க வேண்டிய இடங்கள் சிலவும் இருக்கின்றன.

இந்த அத்தியாயத்துக்கு உதாரண வண்டியாகக் கார்புரேட்டர் வைத்த மாருதி 800-ஐ எடுத்துக்கொள்கிறேன். 1983 டிசம்பரில் தெருவுக்கு வந்து 2014 ஜனவரி வரை தயாரான கார் அது. 796 சிசி, மூன்று சிலிண்டர், நான்கு கியர். 2000 வாக்கில் எம்பிஎஃப்ஐ வரும்வரை கார்புரேட்டர்தான் அதற்குச் சோறு போட்டது. ஆம்னி, பியட், அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கும் சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும், அளவுகள் மட்டும் மாறும். டீசல் வண்டிக்கு வழியே வேறு, அதை இங்கே தொடவில்லை.

எப்போது இழுக்கவில்லை?

ஒர்க்‌ஷாப் வாசலில் தினமும் கேட்கும் பேச்சு இது.

"தம்பி, வண்டி இழுக்கவே மாட்டேங்குது."

"எப்ப சார் இழுக்கலை? மிதிச்ச உடனேயா, கொஞ்ச தூரம் போனதுக்கு அப்புறமா?"

"அதெல்லாம் யாருப்பா கவனிச்சா?"

கவனிக்க வேண்டியது அதைத்தான். காரணத்தைச் சொல்ல ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும். ஐடிலிங்கில் நிற்கும்போது இந்த என்ஜின் நிமிடத்துக்கு 10, 15 மில்லி பெட்ரோல்தான் குடிக்கும். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு 60 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போனால் மணிக்கு 3 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 50 மில்லி. ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்து முழுச் சக்தியையும் கேட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 மில்லி வேண்டும். ஆக, டேங்க்கிலிருந்து வரும் வழி முக்கால் பங்கு அடைத்திருந்தாலும் வண்டி அழகாக ஸ்டார்ட் ஆகும், அழகாக ஐடிலிங் நிற்கும், தெருவுக்குள் ஒழுங்காக ஓடும். கேட்பது கூடும்போதுதான் குட்டு வெளிப்படும். நின்ற இடத்திலேயே 'விர்' என்று முறுக்கிப் பார்த்துவிட்டு "எல்லாம் சரியா இருக்கு சார்" என்று சொல்வதில் அர்த்தமில்லாமல் போவதும் இதனால்தான். சுமை இல்லாமல் சுற்றும் என்ஜினுக்குப் பெட்ரோல் அதிகம் தேவைப்படாது.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு திணறலின் நேரத்தைக் கவனியுங்கள். மிதித்த அந்த நொடியில் ஒரு வெட்டு வெட்டி, பிறகு சமாளித்துக்கொண்டு போனால், கார்புரேட்டருக்குள் இருக்கும் ஆக்சிலரேட்டர் பம்ப்பையோ டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் அட்வான்ஸையோ சந்தேகப்படலாம். முதல் கால் நிமிடம் நன்றாக இழுத்துவிட்டு, வேகம் ஏறியபின் காலடியில் பலம் கரைந்துபோவது போலிருந்து, காலை எடுத்துக் கொஞ்சம் ஓட்டினால் மறுபடி உயிர் வந்தால், அது பெட்ரோல் பற்றாக்குறை. கார்புரேட்டரின் மிதவை அறையில் சில பத்து மில்லிதான் கொள்ளும். அதிலிருக்கும் இருப்பு தீரும்வரை வண்டி ஓடும், தீர்ந்ததும் வரத்துக்குத் தக்கபடிதான் ஓடும். சூடான பிறகு மட்டும் வருகிறதென்றால் வேப்பர் லாக், காயில், கண்டென்சர் என்று யோசனை போக வேண்டும். காலையோ மாலையோ, குளிரோ சூடோ, எந்த வேகத்திலும் ஒரே சீராகச் சோம்பலாக இருக்கிறது, ஆனால் வெட்டோ குலுக்கலோ இல்லை என்றால் பெட்ரோலை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேடுங்கள்.

ஒரு பழக்கத்தையும் ஏற்படுத்திக்கொள்ளுங்கள். போக்குவரத்து இல்லாத சமமான சாலை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மூன்றாம் கியரில் 30-இலிருந்து 60 வரை முழுதாக மிதித்து எத்தனை விநாடி ஆகிறது என்று பக்கத்தில் இருப்பவரைக் குறிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் அதே சாலையில், அதே ஆட்களோடு திரும்பப் பாருங்கள். "இப்போ பரவாயில்லை போலிருக்கு" என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

பெட்ரோல் வழியைத் தொடுவதற்கு முன்

என்ஜினை நிறுத்திவிட்டு, ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கட்டும். கார்புரேட்டரின் திராட்டில் தகடு நேராக நிமிர்ந்து நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய கார்களில் பலமுறை நிமிர்வதில்லை. கேபிள் தொய்ந்திருக்கும். அல்லது பெடலுக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று மேட் கிடக்கும்: கம்பெனி மேட், அதன்மேல் ரப்பர் மேட், அதன்மேல் மழைக்குப் போட்ட கோணி. பெடல் பாதி வழியிலேயே முட்டி நின்றுவிடும். வண்டிக்காரர் முழுதாக மிதிப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார். அப்படியே சோக்கையும் பார்த்துவிடுங்கள். டாஷ்போர்டில் குமிழை உள்ளே தள்ளிவிட்டாலும் கேபிள் துருப்பிடித்துச் சோக் தகடு பாதி மூடியபடி நிற்பது உண்டு. கறுப்புப் புகை, பெட்ரோல் நாற்றம், குறைந்துபோன மைலேஜ் எல்லாம் சேர்ந்து வந்தால் இதுதான்.

அடுத்தது பிரேக். இந்தக் காரின் எடை 650 கிலோவை ஒட்டித்தான். சமதரையில் நியூட்ரலில் வைத்து ஒருவர் தள்ளினால் நகர வேண்டும். தோள் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தால், எங்கோ பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. நாலைந்து கிலோமீட்டர் அதிகம் பிரேக் போடாமல் ஓட்டிவிட்டு, நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோனாலே எந்தச் சக்கரம் சூடு என்று தெரியும். ரொம்ப நாள் நின்ற வண்டியில் பின்சக்கர வீல் சிலிண்டர் இறுகிப்போவது சகஜம்.

நான்காம் கியரில் 40-இல் போய்க்கொண்டே முழுதாக மிதியுங்கள். என்ஜின் சத்தம் ஏறி, வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. அதற்குமேல் இந்த அத்தியாயம் உங்களுக்குத் தேவையில்லை.

சைலன்சர் அடைப்பைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். உள்ளே தகடு துருப்பிடித்து விழுந்து வழியை மறைக்கும். வெளியே பார்த்தால் பெயின்ட் அடித்துப் பளபளவென்றிருக்கும். 1995 ஏப்ரலுக்குப் பிறகு சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் விற்ற புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. ஆகவே அந்தக் காலத்துச் சென்னைப் பதிவு வண்டி என்றால் அதையும் பார்க்க வேண்டும். ஒரு பிளக் வேலை செய்யாமல் நெடுநாள் ஓட்டியிருந்தால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, உள்ளேயிருக்கும் தேன்கூட்டுக் கல் உருகி அடைத்திருக்கும். வேக்குவம் கேஜ் இருந்தால் இன்டேக் மேனிஃபோல்டில் மாட்டுங்கள். ஐடிலிங்கில் 16 முதல் 20 அங்குலத்துக்குள் முள் ஆடாமல் நிற்க வேண்டும். என்ஜினை ஒரே வேகத்தில் உயர்த்திப் பிடித்திருக்கும்போது முள் மெல்ல மெல்லக் கீழே சரிந்துகொண்டே போனால் பின்னால் அடைப்பு இருக்கிறது.

தீப்பொறி

கார்புரேட்டர் கோளாறு என்று வரும் வண்டிகளில் கணிசமானவை பாயின்ட் கோளாறு வண்டிகள் என்பது பழைய மெக்கானிக்குகள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பெட்ரோலுக்கு முன்னால் இதைப் பார்க்கச் சிலருக்குச் சோம்பல். பாயின்ட் இடைவெளி 0.4 முதல் 0.5 மில்லிமீட்டர், பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8. ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள், கண்மதிப்பு வேண்டாம். பாயின்ட் முகம் கருகிக் குழி விழுந்திருந்தால் கண்டென்சரையும் சேர்த்து மாற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் டயஃப்ரம் ஓஸைக் கழற்றி வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பிடியுங்கள். உறிஞ்சியது நிற்க வேண்டும், உள்ளே தட்டு அசைய வேண்டும். நிற்கவில்லை என்றால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. ஐடிலிங்கில் ஒன்றும் தெரியாது, சாலையில் மட்டும் மந்தமாக இருக்கும்.

டைமிங்கைப் பானட் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரின்படி லைட் வைத்துப் பாருங்கள். இந்த என்ஜினுக்குக் கேம்ஷாஃப்ட்டைச் சுற்றுவது பெல்ட். சமீபத்தில் பெல்ட் மாற்றிய பிறகுதான் சோம்பல் ஆரம்பித்தது என்றால், ஒரு பல் தள்ளிப் போட்டிருக்கிறார்களா என்பதை முதலில் சரிபார்க்க வேண்டும். கம்ப்ரெஷனைப் பொறுத்தவரை அளவைவிட வேறுபாடுதான் முக்கியம். மூன்று சிலிண்டரும் ஒன்றுக்கொன்று 1 கிலோவுக்குள் இருந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் குறைந்தால் பிளக் துளை வழியே ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

பெட்ரோல் வரும் வழி

இப்போதுதான் பெட்ரோலுக்கு வருகிறோம். வேலையைத் திறந்த வெளியில், என்ஜின் ஆறிய பிறகு செய்யுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஒயர் இழுத்துத் தொங்கவிட்ட குண்டு பல்பு வேண்டாம், பேட்டரி டார்ச் போதும். பீடி, சிகரெட் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன்.

டேங்க் பின்னால், என்ஜின் முன்னால். நடுவே வண்டியின் அடிவயிற்றில் ஓடும் குழாய், இரண்டு முனையிலும் ரப்பர் ஓஸ், வழியில் ஃபில்டர். என்ஜின்மேல் கேம்ஷாஃப்ட் தள்ளி இயங்கும் மெக்கானிக்கல் பம்ப். ஏசி பம்ப் என்று கேட்டால்தான் கடையில் பாதிப்பேருக்குப் புரியும். டேங்க்கிலிருந்து பம்ப் வரை பெட்ரோல் உறிஞ்சப்படுகிறது, பம்ப்பிலிருந்து கார்புரேட்டருக்குத் தள்ளப்படுகிறது. தள்ளும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் பெட்ரோல் ஒழுகும், நாறும், கண்ணில் படும். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் ஒரு சொட்டுக்கூட வெளியே வராமல் காற்று உள்ளே போகும். தரை காய்ந்திருக்கிறது என்பதற்காக ஓஸ் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது.

முதல் சோதனை டேங்க் மூடி. வண்டி திணறி நின்ற அதே இடத்தில் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, வண்டி மறுபடி நன்றாக ஓடினால், மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. காலணா செலவில்லாத வைத்தியம். தொலைந்த மூடிக்குப் பதிலாக வேறு வண்டி மூடியை மாட்டியவர்களுக்கு இது அதிகம் வரும்.

இரண்டாவது பாட்டில் சோதனை. காயிலுக்கு வரும் பிளஸ் ஒயரைக் கழற்றி முனையில் டேப் சுற்றிவிடுங்கள், பொறி கிளம்பக் கூடாது. கார்புரேட்டருக்குள் போகும் ஓஸைக் கழற்றிக் கண்ணாடி பாட்டிலுக்குள் விடுங்கள். உதவிக்கு இருப்பவர் 15 விநாடி செல்ஃப் அடிக்கட்டும். பெட்ரோல் அடித்து அடித்து, ஒவ்வொரு அடியும் கனமாக வர வேண்டும். டீ கிளாஸில் பாதியாவது சேர வேண்டும். ஒழுகுவது போல் வந்தாலோ, அடிகளுக்கு நடுவே நுரையும் குமிழியும் வந்தாலோ பிரச்சினை கார்புரேட்டருக்கு முன்பே இருக்கிறது. பிரஷர் கேஜ் இருப்பவர்கள் சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோவை எதிர்பார்க்கலாம். பாட்டிலை உடனே கவிழ்த்துவிடாதீர்கள், அசைக்காமல் ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். அடியில் துரு, மணல், கலங்கல், தனியாகப் பிரிந்த தண்ணீர் அடுக்கு, எது படிந்தாலும் டேங்க்கின் கதை அதில் எழுதியிருக்கும்.

பெட்ரோல் போதாது என்று தெரிந்துவிட்டால் வழியை இரண்டாகப் பிரியுங்கள். பம்ப்பின் உறிஞ்சும் முனையில் ஒரு முழம் புது ஓஸை மாட்டி, அதன் மறுமுனையைச் சுத்தமான பெட்ரோல் உள்ள சின்னக் கேனுக்குள் விட்டு, பாட்டில் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இப்போது கொட்டினால் பம்ப் நிரபராதி, பின்னால் தேடலாம். இப்போதும் வரவில்லை என்றால் பம்ப்தான். டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்து மட்டமும் ஏறியிருந்தால் டயஃப்ரம் கிழிந்து பெட்ரோல் என்ஜினுக்குள் இறங்குகிறது. அந்த ஆயிலோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. பம்ப் மாற்றும்போது அதற்கும் என்ஜினுக்கும் நடுவே இருக்கும் தடித்த கறுப்புத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது சூடு ஏறாமல் தடுப்பது மட்டுமல்ல, அதன் தடிமனை வைத்துத்தான் பம்ப்பின் வீச்சும் அமைகிறது.

பின்னால் தேடுவதில் எல்லோரும் ஃபில்டரோடு நின்றுவிடுகிறார்கள். ஃபில்டர் மலிவு, மாற்றிவிடுங்கள், அம்புக்குறி என்ஜினை நோக்கி இருக்கட்டும். ஆனால் அதற்குப் பின்னாலும் வழி இருக்கிறது. தஞ்சாவூரில் ஒரு வீட்டில், கொரோனா ஊரடங்கில் நிறுத்திவைத்து இரண்டு வருடம் கழித்து எடுத்த 800 ஒன்று 50-க்கு மேல் போக மறுத்தது. ஃபில்டர் புதிது, பம்ப் புதிது, கார்புரேட்டர் கிட் இரண்டு முறை போட்டாகிவிட்டது. கேனிலிருந்து உறிஞ்ச விட்டால் பம்ப் கொட்டுகிறது. டேங்க்கிலிருந்து வரும் குழாயில் வாயால் ஊதினால் டேங்க்குக்குள் குமிழி சத்தம் கேட்கிறது, ஆகவே அடைப்பில்லை என்று அந்த வீட்டுக்கு வந்த மெக்கானிக் முடிவுகட்டிவிட்டார். டேங்க் பக்கத்து ஓஸ் மேலே பார்த்தால் உறுதியாகத்தான் இருந்தது. அதைக் கழற்றி நீளவாக்கில் பிளேடால் கீறியபோது, உள்தோல் ஊறிப் பிரிந்து உள்நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. ஊதினால் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிடும், உறிஞ்சினால் எழுந்து வழியை மூடும். ஒரு முழம் ஓஸும் இரண்டு கிளிப்பும்தான் செலவு. ஊதிப் பார்ப்பதை மட்டும் நம்பாதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன். ரப்பர் ஓஸ் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுவதுதான் பழைய வண்டிக்கு நல்லது.

டேங்க் நிறைய இருக்கும்போது நன்றாக ஓடி, பாதிக்குக் கீழே போனால் மட்டும் திணறுகிறதா? டேங்க்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாய் மேல்பக்கம் துருப்பிடித்து ஓட்டையாகியிருக்கலாம். அல்லது ஓஸ் மாற்றியவர் பெட்ரோல் எடுக்கும் குழாயையும், மிச்சம் திரும்பிவரும் குழாயையும் இடம் மாற்றிப் போட்டிருக்கலாம். அப்படியில்லாமல், குறைந்த பெட்ரோலில் ஓட்டும்போது வந்து, நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால் சரியாகிவிடுகிறது என்றால், டேங்க் அடியில் கிடக்கும் குப்பை உறிஞ்சு குழாயின் வாயில் வந்து அப்பிக்கொள்கிறது, நின்றதும் உதிர்ந்துவிடுகிறது. டேங்க்கை இறக்கிக் கழுவுவதைத் தவிர வேறு வழியில்லை. கழுவும் கடையில், காலி டேங்க் நிறைந்த டேங்க்கைவிட ஆபத்தானது என்பது தெரிந்தவராகப் பார்த்துக் கொடுங்கள். உள்ளே நிற்கும் ஆவிதான் வெடிப்பது.

வெயிலும் மலையும்

கத்திரி வெயிலில், சிக்னலில் ஏசி போட்டு நின்று கிளம்பும்போது திணறுவதும், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது பாதியில் நிற்பதும் பெரும்பாலும் வேப்பர் லாக். பம்ப்பிலோ அதன் உறிஞ்சும் ஓஸிலோ பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும். பம்ப் ஆவியை அழுத்திக்கொண்டே இருக்கும், பெட்ரோல் வராது. நின்ற இடத்திலேயே ஒரு பிளக்கைக் கழற்றிப் பொறியைப் பாருங்கள். பொறி மஞ்சளாக மெலிந்திருந்தால் காயில் சூடேறிவிட்டது, பெட்ரோல்மேல் பழிபோட வேண்டாம். பொறி நீலமாகப் பளிச்சென்று இருந்தால் ஈரத்துணியைப் பம்ப்மேல் சுற்றுங்கள். சில நிமிடத்தில் வண்டி எடுத்தால் சந்தேகம் தீர்ந்தது. சைலன்சர் மேனிஃபோல்டை உரசிக்கொண்டு போகும் ஓஸை விலக்கிக் கட்டுவதும், கழற்றி எறியப்பட்ட சூட்டுத்தடுப்புத் தகட்டைத் திரும்ப மாட்டுவதும்தான் நிரந்தர வழி. துணி மலை ஏறும்வரைக்கும்தான்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. என்ஜினின் பலமும் அந்த அளவுக்குக் குறையும், கலவையும் கொஞ்சம் கொழுத்துப் போகும். இது கோளாறே இல்லை. அங்கே போய் ஸ்க்ரூவைத் திருகிவிட்டு, கோயம்புத்தூருக்கு இறங்கியபின் பிக்கப் போய்விட்டது என்று சொல்பவர்களும் உண்டு.

எத்தனால்

பழைய வண்டிக்காரர்கள் இப்போது அதிகம் கேட்பது இதைத்தான். பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் கலப்பு 2022-இல் நாடு முழுக்க எட்டப்பட்டது. 20 சதவீதக் கலப்பு 2023 பிப்ரவரியில் பங்க்குகளுக்கு வர ஆரம்பித்தது, 2025-இல் பெரும்பாலான இடங்களில் கிடைப்பதே அதுதான் என்றாகிவிட்டது. 1980-களிலும் 90-களிலும் வடிவமைத்த கார்புரேட்டருக்கு இது மூன்று விதத்தில் தொந்தரவு தரும்.

முதலாவது கலவை. சுத்தப் பெட்ரோல் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். 20 சதவீதக் கலப்புக்கு 13.5 போதும். எம்பிஎஃப்ஐ வண்டியில் சென்சார் பார்த்துக் கொஞ்சம் கூடுதலாகத் தெளித்துச் சமாளிக்கும். கார்புரேட்டர் ஜெட்டுக்கு அந்த அறிவு கிடையாது, துளை எவ்வளவோ அவ்வளவுதான். ஆகவே கலவை எட்டு சதவீதம்போல இளைத்துவிடும். ஏற்கெனவே இளைத்து ஓடிக்கொண்டிருந்த வண்டியில் மிதிக்கும்போது வரும் வெட்டு இதனால் கூடும். இரண்டாவது ரப்பர். பழைய ஓஸ், டயஃப்ரம், மிதவை ஊசி முனை இவை ஊறி உப்பும். மூன்றாவது தண்ணீர். எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓரளவுக்குமேல் போனால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்க் அடியில் இறங்கிவிடும், உறிஞ்சு குழாயின் வாய் இருப்பதும் அங்கேதான். மழைக்காலத்தில் கால் டேங்க்கோடு மாதக்கணக்கில் நிறுத்திவைப்பது இந்த வண்டிகளுக்கு ஆகாது. கூடவே, எத்தனால் சிறிது சேர்ந்தாலே பெட்ரோலின் ஆவியழுத்தம் ஏறும் என்பதால் வேப்பர் லாக்கும் முன்பைவிடச் சீக்கிரம் வரலாம்.

இதற்காக எல்லாக் கோளாறையும் எத்தனால் தலையில் கட்டுவது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. மேலே சொன்ன சோதனைகளை முடிக்காமல் அந்த முடிவுக்கு வருவது சோம்பேறித்தனம்.

கடைசியாகக் கார்புரேட்டர்

திறப்பதற்கு முன் வெளியிலிருந்தே பார்க்கக்கூடியவை இருக்கின்றன. மிதவை அறையில் சின்னக் கண்ணாடி வைத்திருப்பார்கள். என்ஜின் ஓடும்போது பெட்ரோல் மட்டம் அதன் நடுவிலிருக்கும் வட்டக் குறிக்குள் தெரிய வேண்டும். கீழே இருந்தால் ஊசி வால்வோ அதற்கு முன்னுள்ள சல்லடையோ அடைத்திருக்கிறது, மேலே இருந்தால் ஊசி ஒழுகுகிறது. என்ஜினை நிறுத்திவிட்டு ஏர் ஃபில்டரைத் திறந்து, உள்ளே டார்ச் அடித்தபடி திராட்டிலைக் கையால் சட்டென்று இழுங்கள். அந்தக் கணமே ஒரு பெட்ரோல் பீச்சு நூல் பிடித்தாற்போல் அடிக்க வேண்டும். தாமதமாக வந்தாலோ சொட்டினாலோ ஆக்சிலரேட்டர் பம்ப் போய்விட்டது. மிதித்த நொடியில் வரும் வெட்டுக்கு இதுதான் காரணம்.

இது இரட்டைக் குழல் கார்புரேட்டர். இரண்டாம் குழலைத் திறப்பது பெடல் அல்ல, வேக்குவம் டயஃப்ரம். 60, 70-க்கு மேல் இன்னொரு மூச்சு வராமல் வண்டி அங்கேயே தங்கிவிட்டால், முதல் குழலின் தகட்டை முழுதாகத் திறந்து பிடித்துக்கொண்டு இரண்டாம் தகட்டைக் கையால் தள்ளிப் பாருங்கள். கரி பிடித்து இறுகியிருக்கலாம். தகடு தாராளமாக அசைந்தால் டயஃப்ரம்மைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மயிரிழைக் கிழிசல் போதும்.

கார்புரேட்டருக்கு அடியிலுள்ள கேஸ்கெட்டில் காற்று கசிந்தால் ஐடிலிங் தாறுமாறாக இருக்கும். ஓரத்தில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தால் உறிஞ்சும் இடம் தெரியும். பெட்ரோல் தெளித்துப் பார்க்கும் வழக்கத்தைச் சூடான என்ஜினில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

இதற்கும் மேல்தான் ஜெட். கழற்றினால் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள், கம்பியோ ஊசியோ குத்த வேண்டாம். பித்தளையில் மயிரளவு தேய்ந்தாலும் துளையின் அளவு மாறிவிடும், அதை வெளியிலிருந்து கண்டுபிடிக்கவும் முடியாது. ஜெட்டில் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்பு யாராவது மைலேஜுக்காகச் சின்ன ஜெட் போட்டிருந்தால் அதுவே உங்கள் வியாதியாக இருக்கலாம். ஒரிஜினல் ஜெட்டோடும் 20 சதவீதக் கலப்பில் வெட்டு நிற்கவில்லை என்றால் மெயின் ஜெட்டில் விட்டக்கணக்கில் நாலு சதவீதம் பெரியதைப் போட்டுப் பார்க்கலாம், பரப்பில் அது எட்டு சதவீதம் ஆகிறது. போட்ட பிறகு 10 கிலோமீட்டர் சீரான வேகத்தில் ஓட்டி, ஐடிலிங்கில் விடாமல் நிறுத்தி, பிளக் மூன்றையும் கழற்றிப் பாருங்கள். பீங்கான் நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். வெள்ளைவெளேரென்று இருந்தால் இன்னும் ஓர் அளவு பெரியது. கரி பிடித்துக் கறுத்திருந்தால் குறித்துவைத்த எண்ணுள்ள பழைய ஜெட்டையே திரும்பப் போட்டுவிட்டு, ஆக்சிலரேட்டர் பம்ப்பை இன்னொரு முறை பாருங்கள்.